சக் பெர்ரியின் 28 பாட்டுகளைக் கேட்பது எப்படி

கிட்டார் கற்க வரும் பிள்ளைகளுக்குக் கை கொஞ்சம் படிந்ததும் நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒரே ஒரு ஆல்பம்தான்: 'தி கிரேட் ட்வென்டி எய்ட்'. அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகரும் கிட்டார் கலைஞருமான சக் பெர்ரி 1955 முதல் 1965 வரை சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸில் பாடியவற்றிலிருந்து 28 பாட்டுகளைப் பொறுக்கி 1982-ல் வெளியிட்ட தொகுப்பு. அப்போது இரண்டு இசைத்தட்டுகளாக வந்தது. பிறகு ஒரே சிடியில் அடங்கிவிட்டது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-ல் எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது இதற்கு 21-ஆம் இடம் கொடுத்தது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது பிள்ளைகள் சொல்வதும் ஒன்றுதான். "மாஸ்டர், எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கு."

நியாயமான புகார். சினிமாப் பாட்டில் பல்லவி ஒரு மெட்டு, சரணம் வேறொரு மெட்டு, நடுவில் வயலின் கூட்டம், புல்லாங்குழல் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது வறட்சியாகத்தான் படும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் லைட் மியூசிக் ட்ரூப்பில் கிட்டார் வாசித்தே என் இளமை போனது. அந்தக் காதோடுதான் நானும் இதற்குள் நுழைந்தேன். ஒற்றுமை மேலே தெரியும், வித்தியாசம் உள்ளே இருக்கும். உள்ளே போக வழி உண்டு. என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் சரியான பதிவைத் தேடிப் பிடியுங்கள். இதில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். பெர்ரி 1966-ல் செஸ்ஸை விட்டு மெர்க்குரி நிறுவனத்துக்குப் போனார். அங்கே தன் பழைய பாட்டுகளையே மறுபடி பாடிப் பதிவு செய்தார். 1967-ல் வந்த 'கோல்டன் ஹிட்ஸ்' அப்படிப்பட்டது. மலிவான பல தொகுப்புகளில் இந்த மறுபதிவுகள் கலந்து கிடக்கும். பாட்டின் பெயர் அதே, பாடுபவரும் அவரே, ஆனால் அந்த உயிர் இல்லை. ஆப்பில் கேட்டால் ஆல்பம் பெயரையும் கீழே உள்ள உரிமை வரியையும் பாருங்கள். செஸ் என்ற பெயர் இருக்க வேண்டும். கைதட்டலும் கூச்சலும் கேட்டாலும் உஷாராகுங்கள்: 1963-ல் 'ஆன் ஸ்டேஜ்' என்ற ஆல்பத்துக்காக ஸ்டூடியோ பதிவுகள் மேலேயே கூட்டத்தின் சத்தத்தை ஒட்டி மேடைக் கச்சேரி போல விற்றார்கள்.

இந்தப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். அதனால் விலை உயர்ந்த ஹெட்போன் எதுவும் வேண்டாம். ஒரு இயர்போனை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டாலும் எதையும் இழக்க மாட்டீர்கள். என் வகுப்பில் அப்படித்தான் நடக்கிறது.

அப்புறம், 28-ஐயும் ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். இவை 45 ஆர்பிஎம் தட்டில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு அடங்கும் சின்னத் தட்டில், ஒவ்வொன்றாக வந்தவை. ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஒன்றைக் கேட்டு, அதிலேயே மயங்கி, திரும்பவும் காசு போட்டுக் கேட்பதற்காகச் செய்தவை. எல்லாமே இரண்டு, மூன்று நிமிடப் பாட்டுகள். ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ போதும்.

'ஜானி பி. குட்' பாட்டில் தொடங்குங்கள். 1958-ல் வந்தது. கிட்டார் முன்னிசை முடிந்து அவர் பாட ஆரம்பிக்கும் இடத்திலிருந்து தொடையில் தட்டி எண்ணுங்கள். நாலு தட்டு ஒரு பார். பாட்டு பி ஃபிளாட்டில் இருக்கிறது. அதையே ஷட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு பார் ஷட்ஜத்தின் மேல் கட்டிய கார்டில் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நிற்கும். அடுத்த இரண்டு பார் மத்யமத்துக்கு ஏறும். இரண்டு பார் திரும்ப ஷட்ஜம். பிறகு பஞ்சமத்தில் இரண்டு பார். கடைசி இரண்டு பார் ஷட்ஜத்தில் வந்து இறங்கும். மொத்தம் 12. 'கோ கோ' என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பகுதி வரும்போதும் அதே 12 பார்தான், ஒரு கார்டுகூட மாறாது. இந்தத் தொகுப்பின் பெரும்பகுதி இந்த 12 பார் சட்டத்தில், அல்லது அதன் உறவுக்காரச் சட்டங்களில் நிற்கிறது. வாசலில் வைத்த புள்ளி மாதிரி இது: புள்ளி வரிசை ஒன்றாகவே இருந்தாலும் இழுக்கிற கோலம் வேறு வேறு. புள்ளியை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் கண் கோலத்துக்குப் போய்விடும்.

எண்ணுவது பழகியதும் அதே பாட்டில் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள், பிறகு டிரம்ஸை மட்டும். இங்கேதான் எனக்கு இந்தப் பாட்டின் மேல் தீராத காதல். பெர்ரியின் கை ஒவ்வொரு தட்டையும் சரிபாதியாக வெட்டுகிறது, சதுஸ்ர நடை. டிரம்ஸில் இருக்கும் ஃப்ரெட் பிலோ ப்ளூஸிலும் ஜாஸிலும் ஊறியவர், அவர் கை தட்டை மூன்றாக வெட்டும் திஸ்ரத்தில் ஆடுகிறது. 'தகிட' என்று சொல்லி நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிப் பாருங்கள், அந்த ஆட்டம் கிடைக்கும். இரண்டு நடையும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே ஓடுகின்றன. பின்னால் வந்த எத்தனையோ பேண்டுகள் இந்தப் பாட்டை எல்லோரும் நேராக வாசித்து, வேகமாக வாசித்து, சத்தமாக வாசித்தார்கள். ஆனால் முதல் பதிவில் இருக்கும் அந்தத் துள்ளல் அவற்றில் வராததற்கு இந்த உரசல் இல்லாததே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இதைப் பிடிப்பது சுலபம். நடை மாற்றம் நம் ரத்தத்தில் இருக்கிறது.

கிட்டார் வாசிப்பவர்கள் முன்னிசையில் இன்னும் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். லூயி ஜோர்டன் 1946-ல் வெளியிட்ட 'எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ உமன்' என்ற பாட்டைத் தேடி அதன் தொடக்கத்தைக் கேளுங்கள். கிட்டார் கார்ல் ஹோகன். கேட்டதும் நிமிர்ந்து உட்காருவீர்கள், ஏனென்றால் ஜானி பி. குட் தொடங்குவது ஏறக்குறைய அதே ஸ்வரங்களில்தான். பெர்ரி இதை மறைக்கவில்லை. ஹோகனிடமிருந்தும் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் டி-போன் வாக்கரிடமிருந்தும் எடுத்ததை அவரே சொல்லியிருக்கிறார். எடுத்ததை அவர் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது: இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒரே அடியில் அடித்து, அந்தச் சிறு சொற்றொடரைப் பாட்டுக்கு முன்னால், நடுவில், வரிக்கு வரி என்று எங்கும் பேச வைத்தார்.

இன்னொன்று. பி ஃபிளாட், ஈ ஃபிளாட் எல்லாம் கிட்டார்காரன் தானாகத் தேர்ந்தெடுக்கும் சுருதி இல்லை. ஈ, ஏ என்று திறந்த கம்பி கிடைக்கும் இடம்தான் நம் கைக்குச் சுகம். பியானோவிலும் சாக்ஸஃபோனிலும் வளர்ந்த இசையின் சுருதிகள் இவை. பெர்ரி 1952-ன் கடைசி நாள் இரவு செயின்ட் லூயிஸில் ஒரு சின்னக் குழுவில் பதிலாள் கிட்டாரிஸ்டாகச் சேர்ந்தார். அந்தக் குழுவின் தலைவர் பியானோ வாசித்த ஜானி ஜான்சன். ஆகவே 'ரோல் ஓவர் பீத்தோவன்' போடும்போது ஒரு தடவையாவது பியானோவை மட்டும் கேளுங்கள். பாடும் வரிகளின் பின்னால், மேல் கட்டைகளில், ஜான்சனின் வலது கை ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஜானி பி. குட் பாட்டின் பெயரில் இருக்கும் ஜானி அவர்தான் என்பார்கள். ஆனால் அந்தப் பதிவில் பியானோ வாசித்தவர் லஃபாயெட் லீக்.

அடுத்த பயிற்சி ஜோடிப் பயிற்சி. 1957-ன் 'ஸ்கூல் டேஸ்' போட்டு, முடிந்த கையோடு 1964-ன் 'நோ பர்ட்டிகுலர் ப்ளேஸ் டு கோ' போடுங்கள். இசை ஒன்றேதான். அவர் ஒரு வரி பாட, கிட்டார் அதே வரியைத் திருப்பிச் சொல்லும். முதல் பாட்டில் பள்ளிக்கூடத்து மாணவன் காலையில் கிளம்பி, பாடம் படித்து, சாப்பிட இடம் கிடைக்காமல் அலைந்து, மூன்று மணி மணியடித்ததும் ஜூக்பாக்ஸுக்கு ஓடுகிறான். இரண்டாவதில் ஒருவன் காதலியைக் காரில் கூட்டிக்கொண்டு நிலா பார்க்கப் போகிறான், அவள் சீட் பெல்ட் சிக்கிக்கொண்டு கழலவே மாட்டேன் என்கிறது. பள்ளிப் பாட்டில் கிட்டார் பிள்ளைகள் ஒப்பிப்பதைப் போலத் திருப்பிச் சொல்கிறது. கார் பாட்டில் அதே கிட்டார் அவன் தவிப்பைக் கேலி செய்கிறது. 'எல்லாம் ஒரே பாட்டு' என்று சொன்ன பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்த ஜோடியைத்தான். உண்மையிலேயே ஒரே இசையாக இருக்கும் இடத்தில்தான் இந்த மனிதரின் கைவேலை அதிகம் தெரிகிறது.

இப்போது சொல்லுக்கு வருவோம். எனக்குக் கிட்டாரைவிடப் பெரிது இதுதான். பெர்ரிக்குப் பாடகர் நாட் கிங் கோலின் தெளிவான உச்சரிப்பு மேல் அவ்வளவு மதிப்பு. ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டிய இடத்தில் கூர்மையாக விழும். ஆனாலும் வேகம் அதிகம், நம் காது தடுமாறும். ஆகவே பாட்டு வரிகளை எடுத்து, முதலில் இசை இல்லாமல், ஒரு குட்டிக்கதை படிப்பது போல வாசியுங்கள். தெரியாத சொல்லைத் தேடிப் பாருங்கள். அதன் பிறகு பாட்டைப் போடுங்கள்.

1955 மே மாதம் பதிவான முதல் பாட்டு 'மேபலின்'. இது பழைய நாட்டுப்புறப் பாட்டான 'ஐடா ரெட்' என்பதிலிருந்து கிளைத்தது. சாதாரண ஃபோர்டு காரில் ஒருவன், காடிலாக் காரில் போகும் தன் காதலியைத் துரத்துகிறான். வண்டி சூடாகிக் கொதிக்கிறது, மேகம் கறுத்து மழை பிடிக்கிறது, மழைத் தண்ணீர் என்ஜினுக்குள் அடித்து அதைக் குளிரவைக்கிறது, அவன் மேட்டின் உச்சியில் அவளைப் பிடித்துவிடுகிறான். காதல் பாட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டைக் கொண்டுவந்த கவிஞனை எனக்கு வேறு தெரியாது. இந்தத் துரத்தல் பகுதியில் கார்டு மாறவே மாறாது, கவனியுங்கள். ஒரே கியரில் மிதித்த மிதியாக ஓடும். மேபலினின் பெயரைச் சொல்லி அழைக்கும் இடத்தில்தான் கார்டு மாறும். பாட்டு எழுதியவர்கள் என்று பெர்ரியோடு ரேடியோ அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், ரஸ் ஃப்ராட்டோ என்ற இருவரின் பெயரும் தட்டில் ஏறியிருந்தன. முழு உரிமை பெர்ரிக்குத் திரும்பியது 1986-ல்தான்.

ஆல்பத்தின் வரிசை ஏறக்குறைய காலவரிசை. முதல் சுற்றுக்கு அதை மறந்துவிடுங்கள். கதையை வைத்துக் கோத்துக் கேளுங்கள். கார் பாட்டுகள் ஒரு கட்டு: மேபலின், 'யூ கான்ட் கேட்ச் மீ', 'நடீன்', சீட் பெல்ட் பாட்டு, 'ஐ வான்ட் டு பி யுவர் டிரைவர்'. இவற்றில் நடீனுக்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் ஜன்னல் வழியே தன் வருங்காலப் பெண்டாட்டி நடந்துபோவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறான். அவளோ காபி நிறக் காடிலாக்கை நோக்கி நடக்கிறாள். கூட்டத்துக்குள் இவன் தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த தென்மாநிலத்துப் பெரிய மனிதர் மாதிரி கூவிக்கொண்டு ஓடுகிறான். மூன்று நிமிடத்துக்குள் ஒரு முழுத் தெரு கண்ணுக்கு வந்துவிடும்.

ரயில் பாட்டுகள் இன்னொரு கட்டு. ஜானி பி. குட் பாட்டில் தண்டவாளத்துப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து, ரயில் சக்கரத்தின் தாளத்துக்குக் கிட்டார் வாசிக்கும் பையன். 1960-ன் 'பை பை ஜானி' அதன் தொடர்ச்சி: வங்கியில் சேர்த்த பணத்தை எடுத்து மகனை பஸ் ஏற்றி அனுப்பும் அம்மாவின் கதை. கூடவே 'லெட் இட் ராக்'. மொபில் நகரத்தில் தண்டவாள வேலை செய்யும் கூலியாட்கள் பாதை மேலேயே கூடாரம் போட்டுத் தாயக்கட்டை உருட்டிச் சூதாடிக்கொண்டிருக்க, அட்டவணையில் இல்லாத ஒரு ரயில் இரண்டு மைல் தூரத்தில் வருகிறது. மூன்றே பத்தி, பல்லவி கிடையாது, முழுசாக இரண்டு நிமிடம்கூட ஆகாது. மக்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று சொல்லாமலே பாட்டு முடிந்துவிடும்.

மற்றவற்றில் 'டூ மச் மங்கி பிசினஸ்' வேலைக்குப் போகும் எவருக்கும் உடனே பிடிக்கும். பில், விற்பனைக்காரன் தொல்லை, காசை விழுங்கிய போன், பெட்ரோல் பங்க் வேலை என்று சலிப்பின் பட்டியல். 'பிரவுன் ஐட் ஹேண்ட்சம் மேன்' மேலோட்டமாகக் கேட்டால் பழுப்புக் கண்ணழகனைப் பற்றியது. வேலை இல்லாத குற்றத்துக்காக ஒருவனைக் கைது செய்வதில் பாட்டு தொடங்குகிறது என்பதைப் பார்த்தால், 1956 அமெரிக்காவில் ஒரு கறுப்பின மனிதன் எதைப் பற்றிப் பாடினான் என்பது புரிந்துவிடும். 'ஹவானா மூன்' எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கரீபியத் தீவுகளின் கலிப்ஸோ இசைச் சாயல், மெதுவான கதை, பிடித்தவர்கள் கேளுங்கள்.

'மெம்ஃபிஸ்' பாட்டைத் தனியாக, ராத்திரியில், வேறு எந்த வேலையும் செய்யாமல் கேட்க வேண்டும். சிகாகோ ஸ்டூடியோவுக்குப் போகாமல் செயின்ட் லூயிஸிலேயே சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது. 1959-ல் 'பேக் இன் தி யு.எஸ்.ஏ.' தட்டின் மறுபக்கத்தில் வந்தது. பெரும்பாலும் இரண்டே கார்டு. டிரங்க் கால் புக் செய்து காத்திருந்த தலைமுறைக்கு இந்தப் பாட்டை விளக்கவே வேண்டாம். ஒருவன் தொலைதூர இணைப்பு ஆபரேட்டரிடம் கெஞ்சுகிறான்: மெம்ஃபிஸில் மேரி இருக்கிறாள், அவள் போன் செய்திருக்கிறாள், ஆனால் நம்பர் இல்லை, மாமா செய்தியை வாங்கிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். வீடு தெற்குப் பக்கம், ஒரு மேட்டின் மேல், மிசிசிப்பி பாலத்திலிருந்து அரை மைல். அடையாளம் சொல்லிச் சொல்லிக் கேட்கிறான். மேரி யார் என்பது கடைசி வரியில் தெரியும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் வரிகளை முன்கூட்டிப் படிக்காமல் கேட்க வேண்டிய ஒரே பாட்டு இது. கடைசி வரி வந்ததும் உடனே முதலிலிருந்து இன்னொரு தடவை போடுங்கள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வேறு அர்த்தம் வந்திருக்கும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும். 1959 டிசம்பரில் பெர்ரி கைதானார். 14 வயதுச் சிறுமியை மாநில எல்லை தாண்டி அழைத்துவந்தது தொடர்பான வழக்கு. முதல் தீர்ப்பு நீதிபதியின் இனவெறிப் பேச்சால் ரத்தானது. மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. 1962 பிப்ரவரியிலிருந்து 1963 அக்டோபர் வரை சிறை. நீதிமன்றத்தில் அவருக்கு நடந்த அநியாயமும் உண்மை, அந்தச் சிறுமிக்கு நடந்ததும் உண்மை. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' போடுகிறேன். மறைத்து வைத்துப் பாராட்ட எனக்கு இஷ்டமில்லை.

அவர் உள்ளே இருந்த அதே காலத்தில்தான் வெளியே அவர் பாட்டுகள் உலகம் சுற்றின. 1963-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் தட்டு இந்தத் தொகுப்பில் இருக்கும் 'கம் ஆன்'. பீச் பாய்ஸின் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீனின் மெட்டு. பீட்டில்ஸ் 'ரோல் ஓவர் பீத்தோவன்' பதிவு செய்ததும் அந்த ஆண்டே. இவற்றை மூலத்துக்கு அடுத்து போட்டுப் பாருங்கள். மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பெர்ரியோ கதை சொல்ல இடம் விட்டிருக்கிறார். ஜானி பி. குட் 1977-ல், பூமியின் இசையைச் சுமந்து போன வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் ஏறியது. அதே தட்டில் பீத்தோவனும் இருக்கிறார், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவியும் இருக்கிறது.

'பேக் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டை வெறும் தேசபக்திப் பாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வானளாவிய கட்டடம், நெடுஞ்சாலை, இரவு பகலாக ஹாம்பர்கர் வாட்டும் மூலைக் கடை என்று உருகுகிறார். ஆனால் 1959-ல் தென்மாநிலங்களில் அப்படிப் பல கடைகளில் அவர் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் உணவகத்தில் உட்கார்ந்து எழ மறுத்தது 1960 பிப்ரவரியில். இதை நினைவில் வைத்துக் கேட்டால், அந்தக் குதூகலம் எனக்கு உரிமை கோரலாகக் கேட்கிறது: இது என் நாடு, இந்தச் சாப்பாடும் என்னுடையது.

தொகுப்பை முடித்ததும் இரண்டு பாட்டுகளைத் தேடி எடுங்கள். 1964-ன் 'யூ நெவர் கேன் டெல்', 'ப்ராமிஸ்ட் லேண்ட்'. இந்த 28-ல் அவை இல்லை. எப்படி விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை. ப்ராமிஸ்ட் லேண்ட் சிறையில் எழுதியது. வழி சரியாக வர வேண்டும் என்று அவர் அங்கே அமெரிக்க வரைபடம் கேட்டு வாங்கினார். நீங்களும் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் விரலை வையுங்கள். பஸ்ஸில் ராலே, சார்லட், ராக் ஹில்லை ஒதுங்கிக் கடந்து போய், பர்மிங்ஹாம் நகரின் நடுவில் வண்டி கெட்டு நின்று, ரயில் பிடித்து நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், அங்கிருந்து விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸ். ராக் ஹில்லும் பர்மிங்ஹாமும் 1961-ல் சுதந்திரப் பயணிகள், அதாவது பஸ்ஸில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்தவர்கள், அடிபட்ட ஊர்கள். அந்தப் பெயர்கள் வரும் இடத்தில் விரலைக் கொஞ்சம் நிறுத்தி, அவர் அவற்றை எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறார் என்று கவனியுங்கள்.